டயரின் உள்விளிம்பைப் பார்ப்பவர் யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு பதிப்பில் டயர் பராமரிப்பு குறித்து வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். காற்றழுத்தம் பார்ப்பதையும் டயர்களை முன்னும் பின்னும் மாற்றிப் போடுவதையும் கட்டுரையாளர் நன்றாக விளக்கியிருந்தார். ஆனால், டயர் ஒரு பக்கமாகத் தேய்வதற்கு மலிவான டயரே காரணம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். விலையுயர்ந்த டயரும் அப்படித் தேயும். அதற்குப் பெரும்பாலும் சக்கரத்தின் கோணங்களே காரணம். அவற்றுள் கேம்பரைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்கூட இல்லை.

காரை முன்னிருந்து பார்க்கும்போது சக்கரம் செங்குத்துக் கோட்டிலிருந்து எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதே கேம்பர். மேற்பகுதி காரை நோக்கிச் சாய்ந்திருந்தால் அது நெகட்டிவ். வெளியே சாய்ந்திருந்தால் பாசிட்டிவ். பினாங்கில் தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் பூலாவுக்குப் போகும் மலைச்சாலையில் வளைவுக்கு வளைவு காரின் உடல் வெளிப்புறமாகச் சாய்வதை ஓட்டுநர்கள் உணர்ந்திருப்பார்கள். அப்போது சுமையெல்லாம் வெளிப்பக்கச் சக்கரத்தின் மேல் இறங்க, அந்தச் சக்கரமும் உடலோடு சேர்ந்து சாய்ந்து, டயரின் வெளிவிளிம்பிலேயே நிற்கப் பார்க்கிறது. முன்கூட்டியே சிறிதளவு நெகட்டிவ் கேம்பர் வைத்திருந்தால் அந்தச் சாய்வு ஈடுகட்டப்பட்டு, டயரின் முழு அகலமும் சாலையைப் பற்றிக்கொள்ளும். ஆனால், அதே கார் பினாங்குப் பாலத்தில் நேராக ஓடும்போது அந்தக் கோணம் டயரின் உள்விளிம்பில் சுமையை ஏற்றுகிறது. ஆகவே, அன்றாடம் நேர்ச்சாலையில் வேலைக்குப் போய்வரும் காருக்குப் பந்தயக் காரின் அளவை வைப்பது பொருந்தாது.

இடது, வலது சக்கரங்களின் கேம்பர் வேறுபட்டாலும் தொல்லைதான். எந்தப் பக்கம் பாசிட்டிவ் மிகுதியோ, அந்தப் பக்கம் கார் இழுக்கும். மழைநீர் வடிவதற்காக நம் சாலைகள் இடப்புறம் சற்றே சரிந்திருப்பதால், இலேசாக இடப்புறம் போவதை மட்டும் வைத்துப் பழுது என்று முடிவுசெய்துவிடக் கூடாது.

உள்விளிம்புத் தேய்மானத்தில் உள்ள ஆபத்து, அது பார்வைக்கு மறைந்திருப்பதே. காருக்கு வெளியே நின்று பார்த்தால் டயர் புதிதுபோல் தோன்றும். முதன்மைப் பள்ளங்களில் 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் உள்ள தேய்மான அடையாளத்தைக்கூட ரப்பர் இன்னும் எட்டியிருக்காது. ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுவதும் திருப்பி, இன்ஜினை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தால்தான் உள்விளிம்பு வழுக்கையாகி, சில வேளைகளில் டயருக்குள் இருக்கும் எஃகுக் கம்பியே வெளியே தெரிவதைக் காணலாம். பள்ளமில்லாத அந்தப் பகுதியால் அடைமழையில் தண்ணீரை விலக்க முடியாது.

இனி பட்டறைகளைப் பற்றி. அலைன்மென்ட், அதாவது சக்கரக் கோணங்களைச் சரிசெய்வது, என்று பணம் வாங்கும் சில கடைகள், டோவை மட்டும் திருத்திவிட்டு வண்டியை அனுப்பிவிடுகின்றன. மேலிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் முன்பகுதி உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணமே டோ. டோ தவறினால் டயர் இன்னும் விரைவாகத் தேயும் என்பது உண்மை. அதனால் அதைத் திருத்துவது வீண் வேலையன்று. ஆனால் கேம்பரை மாற்றினால் டோவும் மாறிவிடும் என்பதால், கேம்பரை முதலில் சரிசெய்து, டோவை இறுதியில் வைப்பதே முறை. மைவி, சாகா போன்ற நம் ஊர்க் கார்களில் முன்சக்கரக் கேம்பரைத் திருத்தப் பெரும்பாலும் அதற்கென உள்ள தனி போல்ட்டைப் பொருத்த வேண்டியிருக்கும். பின்புறம் இரு சக்கரங்களையும் இணைக்கும் டோர்ஷன் பீம் என்னும் ஒரே அச்சுச் சட்டம் என்பதால் எளிதில் திருத்த வழியில்லை. குழியில் விழுந்தோ சாலையோரக் கல்லில் மோதியோ சக்கரத்தைக் கீழ்ப்புறம் தாங்கும் லோவர் ஆர்ம் வளைந்திருந்தால், அல்லது அதன் ரப்பர் புஷ் தேய்ந்திருந்தால், அந்த உறுப்பை மாற்றாமல் கோணத்தை மட்டும் திருத்துவதில் பயனில்லை. அதிர்வு தாங்கியான அப்சார்பரின் போல்ட் துளையை அரத்தால் விரித்துக் கேம்பரை வரவழைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அது திருத்தம் ஆகாது.

ஸ்பிரிங்கைக் குட்டையாக்கிக் காரைத் தாழ்த்தும் இளைஞர்களுக்கும் ஒரு சொல். தாழ்த்தும்போது பெரும்பாலும் நெகட்டிவ் கேம்பரும் கூடிவிடும், டோவும் மாறிவிடும். அலைன்மென்ட் செய்யாமல் அப்படியே ஓட்டினால், ஸ்பிரிங்கில் மிச்சம் பிடித்த பணத்தை டயரில் செலவழிக்க வேண்டியதுதான்.

அலைன்மென்ட் இயந்திரம் பணிக்கு முன்னும் பின்னும் உள்ள அளவுகளை ஒரு தாளில் அச்சிட்டுத் தரும். பச்சை, சிவப்பு நிறங்களில் காட்டப்படும் அத்தாளை வாடிக்கையாளர் கேட்டுப் பெறுவது உரிமை. பல கடைகளில் கேட்டால்தான் கிடைக்கிறது. கேம்பர், காஸ்டர் (பக்கவாட்டில் பார்க்கும்போது ஸ்டியரிங் அச்சு முன்பின்னாகச் சாய்ந்திருக்கும் கோணம்), டோ ஆகிய மூன்றையும் அத்தாளில் எப்படிப் படிப்பது என்பதைத் தங்கள் வாகனப் பகுதியில் படத்துடன் ஒருமுறை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
ஆயர் ஈத்தாம், பினாங்கு