உயர்த்திய வண்டிக்கு பிரேக் எத்தனை நாள் வரும்?

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்தது. மகளுக்கு வேலை கிடைத்த செய்தியைப் படித்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அவளுக்கு எங்கள் வாழ்த்தைச் சொல். என் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. நடக்கும்போது தெரிவதில்லை; கிளட்சை மிதித்தால் மட்டும் நானும் இருக்கிறேன் என்கிறது.

கடைசியில் வண்டியை லிஃப்ட் பண்ணியே விட்டாய்! இத்தனை வருஷமாகப் பேசிக்கொண்டே இருந்தவன், மாற்ற ஆரம்பித்ததும் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. 3 இன்ச் உயரம், 31 இன்ச் டயரைக் கழற்றிவிட்டு 35 இன்ச், முன்னால் இரும்பு பம்பர், சிக்கிய வண்டியைக் கயிற்றால் இழுக்கும் வின்ச், கூரை மேல் கேரியர். அதோடு முன் சக்கரங்களுக்கு ஒரு பிரேக் கிட்: சக்கரத்தோடு சுழலும் பெரிய டிஸ்க்கும், பேட் என்ற உராய்வுக் கட்டைகளை அதன் மேல் அழுத்தும் ஆறு பிஸ்டன் காலிப்பரும். விற்றவர் பேட் 70,000 கிலோமீட்டர் வரும் என்கிறார், மெக்கானிக் 20,000 தாண்டாது என்கிறார், யாரை நம்புவது என்று கேட்டிருக்கிறாய். இரண்டும் நடக்கக்கூடியதுதான். இந்த மாதிரி வண்டியில் பிரேக்கின் ஆயுளைக் கிலோமீட்டரில் கேட்டால் சரிப்படாது, பேட்டில் மிச்சமிருக்கும் மில்லிமீட்டரில் கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

முதல் காரணம், உன் மீட்டரே இப்போது பொய் சொல்கிறது. 31-லிருந்து 35-க்குப் போனால் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 13 சதவீதம் கூடுதல் தூரம் உருளும். மீட்டரைத் திருத்தி அமைக்காவிட்டால், அது 40,000 காட்டும்போது வண்டி 45,000 ஓடியிருக்கும். பழைய பேட் இவ்வளவு ஓடியது, புதுசு அவ்வளவு ஓடவில்லை என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேர் இந்தக் கணக்கைப் போடுவதே இல்லை. வேகமும் அப்படித்தான். முன்பு 80-ல் முள் நின்றபோது போன வேகம் வேறு, இப்போது அதே 80-ல் போகிற வேகம் வேறு. 13 சதவீதம் கூட. பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது என்பதால் அது 27 சதவீதம் அதிகமாகிவிடுகிறது. பம்பர், வின்ச் எடையை நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

இன்னொன்று, டயரின் ஆரம் கூடினால் அதே பெடல் அழுத்தத்துக்குத் தரையில் கிடைக்கும் நிறுத்தும் விசை சுமார் 11 சதவீதம் குறைகிறது. பெரிய டிஸ்க் அதைத்தான் ஈடுகட்டுகிறது. அதாவது நீ பணம் கொடுத்துக் கூடுதல் பிரேக் வாங்கியதாக நினைத்துக்கொள்ளாதே. டயரிடம் விட்டதைக் காலிப்பரில் திரும்பப் பிடித்திருக்கிறாய், அவ்வளவுதான். கனமான டிஸ்க் வெப்பத்தைத் தாங்கும் என்பதால் நீண்ட இறக்கத்தில் பிரேக் சட்டென்று சோர்ந்துபோகாது. அந்த லாபம் உண்மையானது.

இப்போது சேற்றுக்கு வருவோம். பேட்டைத் தின்பது பெரும்பாலும் சேறுதான், ரோடு இல்லை. மணல் கலந்த சேற்றில் உழன்றுவிட்டு வந்த வண்டியின் பேட்டைக் கழற்றி வெளிச்சத்தில் சாய்த்துப் பார். முகத்தில் பொடிப்பொடியாக மணல் பதிந்து மின்னும். டிஸ்க்கில் நகத்தை வைத்துக் குறுக்கே இழுத்தால் கோடு கோடாகத் தட்டும். கழுவாமல் அதே பேட்டோடு வீடு வரை ஓட்டினால் வழி முழுக்க உப்புத்தாளைப் போட்டுத் தேய்த்துக்கொண்டு வருகிற கதைதான். மோசமான சேற்றில் ஒரே வார இறுதியில் புதுப் பேட் இரும்புத் தகடு வரை போனதும் உண்டு. எத்தனை பிஸ்டன் இருந்தாலும் இதற்கு ஒன்றும் செய்ய முடியாது. திரும்பி வந்ததும் சக்கரத்தின் உள்பக்கமாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவு. காலிப்பர் ரப்பரில் மட்டும் பிரஷர் வாஷரைக் கிட்டே பிடிக்காதே, அழுக்கு உள்ளே போய்விடும்.

ரப்பர் என்றதும் ஞாபகம் வருகிறது. சில பெரிய காலிப்பர்கள் பந்தயத்துக்குச் செய்தவை, அவற்றின் பிஸ்டனைச் சுற்றித் தூசு ரப்பர் இருக்காது. தார் ரோட்டில் பிரச்சினை இல்லை. சேற்றில் பிஸ்டன் துருவேறி, சீல் கிழிந்து, ஒரு பக்கம் இறுகிக்கொள்ளும். உன்னுடையதில் இருக்கிறதா என்று குனிந்து பார். பின்பக்கம் நீ மாற்றவில்லை, பழைய ஒற்றைப் பிஸ்டன் காலிப்பர்தான். அங்கே கவனிக்க வேண்டியது, காலிப்பர் நகர்ந்து கொடுக்க உதவும் ஸ்லைடு பின். அது கிரீஸ் காய்ந்து இறுகினால் உள் பேட் தனியாகத் தேய்ந்து தீரும். வெளியிலிருந்து எட்டிப் பார்க்கிறவனுக்கு வெளிப் பேட் நன்றாகவே தெரியும், நம்பிக் கிளம்புவான்.

உன் வண்டியில் பின் ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் நடுவில் ஒரு கம்பி, அதன் மேல் முனையில் ஒரு வால்வு உண்டு, பார்த்திருப்பாய். பின்னால் பாரம் ஏறி வண்டி அமுங்கினால் பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டுகிற ஏற்பாடு அது. நீ பின்பக்கத்தை 3 இன்ச் உயர்த்தியதும் அந்த வால்வு, வண்டி காலியாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளும். பின் பிரேக் அரைகுறையாக வேலை செய்யும், சுமை முழுக்க முன் பேட் தலையில் விழும். கிட் போட்ட பிறகும் முன் பேட் சீக்கிரம் தீர்கிறது என்றால் முதலில் இதைத்தான் சந்தேகிப்பேன். கம்பியின் பிராக்கெட்டை லிஃப்டுக்குத் தக்கபடி உயர்த்தி வைத்தார்களா என்று மெக்கானிக்கிடம் கேள். கேட்காவிட்டால் பல பேர் செய்வதில்லை.

உன் மச்சானுடைய வண்டி புது மாடல், அதில் வேறு கூத்து. ஒரு சக்கரம் வெறுமனே சுழன்றால் டிராக்‌ஷன் கன்ட்ரோல் அந்தச் சக்கரத்தின் பிரேக்கைத் தானே பிடித்து மறுபக்கத்துக்கு விசையை அனுப்பும். இறக்கத்தில் வேகத்தைப் பிடித்து வைக்கும் ஏற்பாடும் பிரேக்கில்தான் நடக்கிறது. பெடலைத் தொடவே இல்லையே, பேட் எப்படித் தேய்ந்தது என்று அவர் கேட்டால் இதைச் சொல். இரண்டு பக்கச் சக்கரத்தையும் ஒன்றாகச் சுழலவைக்கும் டிஃப் லாக் இருந்தால் போடச் சொல், இறக்கத்தில் லோ ரேஞ்ச் கியரில் இன்ஜினே வண்டியைப் பிடிக்கட்டும்.

துளையிட்ட டிஸ்க்கா, வரி வெட்டிய டிஸ்க்கா என்று நீ எழுதவில்லை. துளை பார்க்க அழகு, ஆனால் சேறு அடைத்துக் காய்ந்துவிடும், வெடிப்பும் துளையின் விளிம்பில்தான் தொடங்கும். வரி வெட்டியது பேட்டைக் கொஞ்சம் கூடுதலாகத் தின்னும். பரவாயில்லை, நான் அதைத்தான் எடுப்பேன்.

பிரேக் ஆயிலில் கஞ்சம் வேண்டாம். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 4 ரக ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அந்த எல்லை 155. டாட் 3 இன்னும் மோசம், 205-லிருந்து 140. பேட் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் தரை வரை போகும். வழக்கமாக 2 வருஷத்துக்கு ஒரு முறை என்பார்கள். தண்ணீரில் இறக்குகிற வண்டிக்கு வருஷா வருஷம் மாற்று. சிலிகான் வகையான டாட் 5-ஐ இதோடு கலக்காதே, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். உள்ள வண்டிக்கும் அது ஆகாது. அப்புறம் பிரேக் ஹோஸ்: ஜாக்கி போட்டு ஆக்சிலை முழுக்கத் தொங்கவிட்டு, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பார்க்கச் சொல். எங்கேயாவது விறைத்தால் நீளமான ஹோஸ் போட்டே ஆக வேண்டும். ஏ.பி.எஸ். ஒயரையும் அப்போதே பார்த்துவிடலாம்.

சரி, நீ எண் இல்லாமல் விடமாட்டாய். முக்கால்வாசி ரோடு, அவ்வப்போது காடு என்றால் முன் பேட் 40,000-க்குப் பக்கத்தில் வரும் என்பது என் கணிப்பு. அடிக்கடி சேறு என்றால் அதில் பாதியை எதிர்பார், அதிலும் குறையலாம். ஒரு டிஸ்க் இரண்டு செட் பேட்டுக்குத் தாங்கினால் நியாயம். புதுப் பேட்டில் உராயும் பகுதி பொதுவாக 10, 12 மில்லிமீட்டர் இருக்கும். 3-க்கு வந்தால் மாற்று; காட்டுக்குக் கிளம்பும் முன் 5 இருந்தாலே புதுசு போட்டுவிடு, நடுவழியில் தீர்ந்தால் அங்கே எவன் வருவான்? டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் அதன் மேலேயே பொறித்திருக்கும். அளக்கும்போது வெர்னியர் அளவுகோலை ஓரத்தில் வைக்காதே. பேட் படாத ஓரம் தேயாமல் மேடாக நிற்கும், அதன் மேல் உட்கார்ந்து வெர்னியர் தடிமனைக் கூட்டிக் காட்டும். மைக்ரோமீட்டர் வாங்கு, உள்தள்ளி அளக்கலாம்.

அடுத்த சர்வீஸில் நாலு சக்கரத்தையும் கழற்றி அளந்து எனக்கு எழுது. பின்பக்கத்து உள் பேட்டை விட்டுவிடாதே. முன்னும் பின்னும் எவ்வளவு வித்தியாசம் என்று பார்த்தால் அந்த வால்வுக் கம்பியை மாற்றினார்களா இல்லையா என்பதும் தெரிந்துவிடும்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி