அது புரட்சிப் பிரகடனம் அல்ல, சாசனம்

ஆசிரியர் அவர்களுக்கு,

சீனாவில் அரசியல் சீர்திருத்தம் கோரிய 'சாசனம் 08' என்ற ஆவணம் பற்றிய உங்கள் கட்டுரையில் அதைப் 'புரட்சிப் பிரகடனம்' என்று எழுதியிருந்தீர்கள், அது தவறு. மூலத் தலைப்பில் உள்ள சொல்லுக்குச் சாசனம் என்றுதான் பொருள். அதன் முதல் எழுத்தே சீன மொழியில் அரசியலமைப்புச் சட்டத்தைக் குறிக்கும் சொல்லிலும் வருகிறது. செக்கோஸ்லோவாக்கியாவில் 1977-இல் மனித உரிமை கோரி வெளியான சாசனம் 77-ஐ முன்மாதிரியாக வைத்து எழுதி, 303 பேர் முதலில் கையெழுத்திட்டு, உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 60-ஆம் ஆண்டு நாளான 2008 டிசம்பர் 10 அன்று வெளியிட்ட ஆவணம் அது. அதிலுள்ள 19 அம்சங்களும் தேர்தல், நீதிமன்றச் சுதந்திரம், பேச்சுரிமை என்று சட்டத்தின் வழியில் வரவேண்டிய மாற்றங்களைத்தான் கேட்கின்றன.

இதில் ஒரு சொல் மாறினாலும் எனக்கு வலிக்கிறது. ஏனென்றால் இதை எழுதியவர்களில் ஒருவரான எழுத்தாளர் லியு சியாவ்போவுக்கு 11 ஆண்டுச் சிறை விதித்த தீர்ப்பு, 'கூட்டாட்சிக் குடியரசு' அமைக்கக் கோரும் வரி உட்பட இந்தச் சாசனத்தின் வாக்கியங்களையே குற்றமாக மேற்கோள் காட்டியது. அவர் 2017-இல் காவலில் இருந்தபடியே இறந்தும் போனார். தமிழில் நாமே அதற்குப் 'புரட்சி' என்று பெயர் வைத்தால், அரசைக் கவிழ்க்கத் தூண்டினார் என்று அவர் மீது சுமத்திய குற்றச்சாட்டை நாமும் வழிமொழிந்ததாக ஆகிவிடாதா?

தயவுசெய்து திருத்தம் வெளியிடுங்கள். அப்புறம், சீன மூலத்திலிருந்து மொழிபெயர்த்தீர்களா, ஆங்கிலம் வழியாகவா என்பதையும் ஒரு வரி சேருங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்