காத்தான்குடியின் மீதிக் கதையையும் எழுதுங்கள்

இலங்கைத் தமிழ்ப் பத்திரிகை, வானொலி, தொலைக்காட்சி ஆசிரியர்களுக்கு,

வணக்கம். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுத்தாக்குதல்களின் நினைவுநாளான ஏப்ரல் 21 வந்தால், அவற்றுக்குத் தலைமை தாங்கிய சஹ்ரானின் படமும் அவனது ஊரான காத்தான்குடியின் பெயரும் உங்கள் செய்திகளில் சேர்ந்தே வருகின்றன. வரட்டும். சீயோன் தேவாலயத்தில் இறந்தவை எங்கள் மட்டக்களப்புப் பிள்ளைகள். அதை மறக்கச் சொல்ல நான் எழுதவில்லை. அந்த ஊரின் கதையைப் பாதியில் நிறுத்திவிடுகிறீர்கள், அதுதான் என் முறைப்பாடு.

2017 மார்ச்சில் சஹ்ரானின் ஆட்கள் வாள்களோடு போய் மோதியது அதே ஊர் சூஃபி முஸ்லிம்களோடு. அவனைப் பற்றிப் பொலிஸில் முதலில் முறையிட்டவர்களும் முஸ்லிம்கள்தான். அவன் தலைமறைவானான், பிடிபடவே இல்லை. குண்டுகள் வெடித்து ஐந்தாம் நாள், சாய்ந்தமருதில் ஒரு வீட்டுக்குப் புதிதாக வந்த சஹ்ரானின் கூட்டத்தார்மேல் சந்தேகப்பட்டுத் தகவல் கொடுத்ததும் அந்தப் பகுதி முஸ்லிம்களே. தாக்கியவர்களின் உடல்களை ஏற்கமாட்டோம் என்று முஸ்லிம் மார்க்க அறிஞர்களின் அமைப்பான ஜம்இய்யத்துல் உலமா அறிவித்தது.

கேட்க வேண்டியவர்கள்தான் கேட்கவில்லை. ஏப்ரல் 4ஆம் திகதியே இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்திருந்தது. தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா நட்டஈடு கட்ட வேண்டுமென்று 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் 2019 மே மாதம் மினுவாங்கொடையில் எரிந்தவை முஸ்லிம்களின் கடைகள்.

அதே மாதம்தான் குருநாகல் வைத்தியர் ஷாபியின் கைதும். 4,000 சிங்களத் தாய்மாருக்குக் களவாகக் கருத்தடை செய்தார் என்று ஒரு நாளிதழ் முதல் பக்கத்தில் எழுதியது. அடுத்த மாதமே, ஆதாரம் எதுவும் இல்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களம் (சிஐடி) நீதிமன்றத்தில் சொன்னது. 2022இல் நிலுவைச் சம்பளம் 26 இலட்சத்துக்கு மேல் கைக்கு வந்தபோது, நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு. முழுவதையும் மருந்து வாங்கச் சொல்லிச் சுகாதார அமைச்சிடமே கொடுத்துவிட்டார் அந்த மனிதர்.

சரி, அது சிங்களப் பத்திரிகையின் வேலை என்பீர்கள். கவிஞர் அஹ்னாப் ஜஸீம்? 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் அவரைப் பிடித்தது தமிழில் எழுதிய கவிதைகளுக்காக. வன்முறைக்கு எதிரான கவிதைகளும் அவற்றில் இருந்தன. அவற்றை எடுத்து வாசித்து, இதில் என்ன தீவிரவாதம் என்று முதல் வாரமே கேட்டிருக்கக்கூடியவர்கள் நீங்கள். எத்தனை பேர் கேட்டீர்கள்? ஒன்றரை வருடம் கழித்துத்தான் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் விடுதலை செய்தது.

அடையாள அட்டையில் பெயரைப் பார்த்ததுமே ‘புலி’ என்று ஒதுக்கி நிறுத்தப்பட்டவர்கள் நாம். 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களைப் புலிகள் சுட்டுக்கொன்றார்கள். அதற்கு எல்லாத் தமிழரும் வருடா வருடம் விளக்கம் சொல்ல வேண்டும் என்றால் ஒப்புக்கொள்வோமா? முஸ்லிம்களிடம் மட்டும் நாம் அதைத்தானே கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

நான் கேட்பது பெரிய காரியமில்லை. அடுத்த ஏப்ரலில் 2017இன் முறைப்பாட்டையும் சாய்ந்தமருதையும் சேர்த்து எழுதுங்கள். சந்தேகநபரின் மதத்தைத் தலைப்பில் போடாதீர்கள். கைதை எந்தப் பக்கத்தில் போட்டீர்களோ, விடுதலையையும் அந்தப் பக்கத்திலேயே போடுங்கள். அஹ்னாபின் விடுதலை உங்கள் இதழில் எங்கே வந்தது, எத்தனை வரி என்று பழைய கட்டுகளை எடுத்துப் பார்த்துவிட்டுப் பதில் எழுதினால் நல்லது.

இப்படிக்கு,
மட்டக்களப்பிலிருந்து ஒரு தமிழ் வாசகர்