வாக்குத்தத்த அட்டையும் வாக்குக் கொடுத்தவரும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இன்னும் சில வாரங்களில் டிசம்பர் 31 வந்துவிடும். சிங்கப்பூரில் உள்ள தமிழ்ச் சபைகள் பலவற்றில் அன்றிரவு ஆராதனை நடக்கும். பன்னிரண்டு மணி ஆனதும் ஒருவருக்கொருவர் வாழ்த்துச் சொல்லிவிட்டு, வரிசையில் போய் ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை எடுப்போம்; வரும் வருஷத்துக்கு ஆண்டவர் தரும் வாக்கு என்று ஒரு வேத வசனம் அச்சிட்ட சிறு அட்டை அது. அதற்கு முன்பு இந்தக் கடிதம் உங்கள் வாசகர்களில் உள்ள கிறிஸ்தவக் குடும்பங்களின் கண்ணில் பட வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

2022ஆம் ஆண்டின் கடைசி இரவில் என் கணவர் எடுத்த அட்டையில், வேதாகமத்தின் துதிப்பாடல்களில் ஒன்றான 91ஆம் சங்கீதத்தின் கடைசி வசனம் இருந்தது. "நீடித்த நாட்களால் அவனைத் திருப்தியாக்கி, என் இரட்சிப்பை அவனுக்குக் காண்பிப்பேன்." சிரித்துக்கொண்டே என்னிடம் நீட்டினார். மறுநாள் காலையில் அதை ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியது நான்தான். மார்ச் மாதம் அவருக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தது. ஆகஸ்ட்டில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். வயது 61.

எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் அவரைக் கிடத்தியிருந்த இரண்டாம் நாள் இரவு, சபையில் எனக்குப் பல ஆண்டுகளாகப் பழக்கமான ஒரு சகோதரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, அண்ணன் அந்த வசனத்தைத் தினமும் வாய்விட்டு அறிக்கை செய்தாரா?" என்று கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் மண்டாய் தகனச் சாலைக்குப் போகும் வழியெல்லாம் அந்தக் கேள்விதான் என்னோடு வந்தது. நான் சரியாகச் சொல்ல வைக்கவில்லையோ? ஒருநாள் விட்டுவிட்டோமோ?

அந்த ஐந்து மாதமும் நான் எதையும் தட்டவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒருவர் ஜெபித்த எண்ணெய் கொண்டுவந்தார். இன்னொருவர் வெளிநாட்டுக் கூட்டத்தில் ஊழியர் கைவைத்து ஜெபித்த துணியைத் தலையணைக்குக் கீழே வைக்கச் சொன்னார். வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது: 91ஆம் சங்கீதத்தைத் தினம் ஏழு முறை, 21 நாள் விடாமல் வாசிக்க வேண்டுமாம். எல்லாம் செய்தேன். உபவாசம் இருந்தேன். எண்ணிக்கை தவறக் கூடாது என்று நாட்காட்டியில் பேனாவால் கோடு போட்டு வைத்தேன்.

ஒருநாள் மாலை மருத்துவமனையிலிருந்து கிளம்பி எம்ஆர்டி ஏறிவிட்டேன். இரண்டு நிலையம் தாண்டிய பிறகுதான் அவர் நெற்றியில் எண்ணெய் பூச மறந்துவிட்டது ஞாபகம் வந்தது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. இறங்கி, எதிர்ப்பக்கம் போய், வந்த வழியே திரும்பினேன். பார்வையாளர் நேரம் முடிந்திருந்தது. தாதியிடம் கெஞ்சி உள்ளே போனேன். நான் புட்டியின் மூடியைத் திருகும் சத்தத்தில் அவர் கண் விழித்தார். "இதுக்காகவாம்மா திரும்பி வந்தே? உட்காரு," என்றார். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு, "இன்னைக்கு முழுக்க ஆண்டவர்கிட்ட ஒண்ணுதான் சொல்லிக்கிட்டிருந்தேன். அப்பா, பயமா இருக்கு, கூடவே இருங்கன்னு," என்றார்.

அன்று காலையிலிருந்து நான் ஏழு முறை சங்கீதம் வாசித்திருந்தேன். ஆண்டவரிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

அந்தச் சங்கீதத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வேதாகமத்தில் அதைக் காப்புத் தகடு போலப் பயன்படுத்தச் சொன்னவன் யார் என்று பாருங்கள். மத்தேயு 4ஆம் அதிகாரத்தில் இயேசுவை தேவாலயத்து உப்பரிகையின் மேல் நிறுத்தி, தாழக் குதியும், தூதர்கள் உம்மைக் கைகளில் ஏந்திக்கொள்வார்கள் என்று எழுதியிருக்கிறதே என்று பிசாசு எடுத்துக் காட்டியது இதே 91ஆம் சங்கீதத்தின் 11, 12ஆம் வசனங்களைத்தான். வசனம் தேவனுடையது, ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு பிதாவை வற்புறுத்த இயேசு மறுத்துவிட்டார். "உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக" என்றார். நான் ஞாயிறு பள்ளியில் பல வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த பகுதி இது. என் வீட்டுக்கு நோய் வந்தபோது எனக்கே உறைக்கவில்லை.

வெண்கலச் சர்ப்பத்தின் கதையும் அப்படித்தான். அதைச் செய்யச் சொன்னவர் கர்த்தர், செய்தவன் மோசே. வனாந்தரத்தில் பாம்புக் கடிபட்ட இஸ்ரவேலர் அதை நோக்கிப் பார்த்துப் பிழைத்தார்கள். ஆனால் பல நூறு ஆண்டுகள் கழித்து எசேக்கியா ராஜாவின் காலத்தில் ஜனங்கள் அதற்குத் தூபம் காட்டிக்கொண்டிருந்தார்கள். எசேக்கியா அதை உடைத்துப்போட்டு, அதற்கு நிகுஸ்தான் என்று பேரிட்டான். வெறும் வெண்கலத் துண்டு என்ற அர்த்தம் அந்தப் பேரில் ஒலிக்கிறது. இரண்டு இராஜாக்கள் 18ஆம் அதிகாரத்தில் இதற்கு அடுத்த வசனமே, அவன் கர்த்தரின்மேல் நம்பிக்கை வைத்தான் என்று ஆரம்பிக்கிறது. உடைக்கும்போது எத்தனை பேர் பதறியிருப்பார்கள்! எங்கள் தாத்தா பாட்டியைப் பிழைக்க வைத்தது இதுதானே என்று அழுதிருப்பார்கள். கர்த்தர் தங்களோடு இருப்பதன் அடையாளமான உடன்படிக்கைப் பெட்டியைப் போர்க்களத்துக்குத் தூக்கிக்கொண்டு போன நாளில் இஸ்ரவேலில் 30,000 காலாட்கள் விழுந்தார்கள் என்பதையும், பெட்டியே பிடிபட்டது என்பதையும் 1 சாமுவேல் 4 சொல்கிறது. பெட்டி இருந்தால் போதும், ஆண்டவரிடம் கேட்க வேண்டியதில்லை என்று நினைத்தவர்கள் அவர்கள்.

2020இல் இதை நம்மிடமே கொஞ்சம் பார்த்தோம். கொரோனாவால் ஏப்ரல் 7ஆம் தேதி, வீட்டோடு இருக்கச் சொன்ன நோய்ப்பரவல் முறியடிப்புத் திட்டம் தொடங்கியது. மூன்று நாள் கழித்துப் பெரிய வெள்ளி. கோயில் பூட்டியிருந்தது, கைபேசியில் ஆராதனை. "கோயிலுக்குப் போகாமல் எனக்கு ஜெபமே வரவில்லை," என்று அப்போது பலர் என்னிடம் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

எண்ணெயும் அட்டையும் கூடாது என்று நான் எழுத வரவில்லை. வியாதிப்பட்டவனுக்கு எண்ணெய் பூசி ஜெபம்பண்ணச் சொல்வதே வேதாகமத்தில் உள்ள யாக்கோபு நிருபம்தான். அடுத்த வரியில் "கர்த்தர் அவனை எழுப்புவார்" என்றும் இருக்கிறது. எழுப்புகிறவர் யார் என்பதில் அந்த நிருபத்துக்குக் குழப்பம் இல்லை. ஒரு வசனத்தைக் கையில் கொடுத்து அந்த நாளை அதோடு கழிக்கச் செய்வதும் நல்ல பழக்கம். ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் ஊரில் மொரேவியச் சபையார் 1731 முதல் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வசனம் என்று அச்சிட்டு வருகிறார்கள். ஆனால் நம் அட்டைகளில் எந்த வசனங்கள் வருகின்றன என்று கவனித்திருக்கிறீர்களா? எரேமியா 29:11 எல்லா வீட்டிலும் இருக்கிறது: "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." அதற்கு முந்தின வசனத்தை அட்டையில் நான் பார்த்ததே இல்லை. பாபிலோனில் 70 வருஷம் முடிந்த பிறகுதான் உங்களைத் திரும்ப வரப்பண்ணுவேன் என்கிறது அது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதம் அது. அதை வாசிக்கக் கேட்டவர்களில் பாதிப் பேருக்கு மேல் ஊர் திரும்பாமலே இறந்திருப்பார்கள். அவர்களுக்குத்தான் முதலில் அந்த வாக்குத்தத்தம்.

மெதடிஸ்ட் சபைகளில் வருஷப் பிறப்பை ஒட்டி ஏறெடுக்கும் உடன்படிக்கை ஜெபமும் இருக்கிறது. அந்தச் சபைகளைத் தோற்றுவித்த ஜான் வெஸ்லி 1755இல் லண்டனில் ஆரம்பித்த வழக்கம். என்னை நிரப்பினாலும் சரி, வெறுமையாக்கினாலும் சரி, பாடுபட வைத்தாலும் சரி, நான் உம்முடையவன் என்ற பொருளில் அது போகும். அட்டை எடுக்கும் இரவில் அந்த ஜெபத்தையும் சேர்த்து நிதானமாகச் சொன்னால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

கணவர் போய் ஒரு மாதம் கழித்து, ஃபிரிட்ஜில் இருந்த அட்டையை எடுத்துக் கிழிக்கலாமா என்று நினைத்தேன். கிழிக்கவில்லை. வேதாகமத்தைத் திறந்து அந்த வசனத்துக்கு மேலே என்ன இருக்கிறது என்று பார்த்தேன். நூற்றுக்கணக்கான முறை வாசித்ததுதான். அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. "ஆபத்தில் நானே அவனோடிருந்து" என்று 15ஆம் வசனம் சொல்கிறது. என் கணவர் அந்த வார்டில் கேட்டது அதைத்தான். நீடித்த நாட்கள் ஏன் கிடைக்கவில்லை என்று ஆண்டவரிடம் கேட்டேன், இன்றும் கேட்கிறேன். பதில் வரவில்லை. ஆனால் கேட்டுவிட்டு எழுந்திருக்கும்போது தனியாக இருந்ததாகத் தோன்றுவதில்லை.

போதகர் ஐயாமார்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த டிசம்பர் 31 அன்று அட்டையைக் கொடுக்கும்போது, வீட்டுக்குப் போய் அந்த அதிகாரம் முழுவதையும் வாசியுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். இது இந்த வருஷத்துக்கான உத்தரவாதச் சீட்டு இல்லை என்பதையும் சொல்லுங்கள். நோயாளியைப் பார்க்கப் போகும் சகோதர சகோதரிகளே, எண்ணெய் கொண்டுபோங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். எத்தனை முறை வாசித்தீர்கள், எத்தனை நாள் உபவாசம் இருந்தீர்கள் என்று மட்டும் கணக்குக் கேட்காதீர்கள். நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். ஆண்டவரிடம் நோயாளிக்கே சொல்ல ஏதாவது இருக்கும். அதைச் சொல்லி முடிக்கும்வரை காத்திருங்கள்.

இப்படிக்கு,
தோ பாயோ வாசகி