பார்த்தால் நடைபாதை, அடியில் பனிப்பிளவு

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு மலரின் ஆல்ப்ஸ் கட்டுரையில், மோன்ட்டே ரோசாவில் மலையேறுபவர்கள் தங்கும் மார்கெரீட்டா குடில் வரை நடக்கத் தெரிந்த யாரும் போய்வரலாம் என்று எழுதியிருந்தது. அந்த வழியில் இரண்டு முறை போனவள் என்பதால் இதை எழுதுகிறேன்.

மோன்ட்டே ரோசா ஒற்றைச் சிகரம் அல்ல. சுவிட்சர்லாந்து, இத்தாலி எல்லையில் 4,000 மீட்டரைத் தாண்டி நிற்கும் சிகரங்களின் கூட்டம். உச்சி, 4,634 மீட்டர் டூஃபூர்ஷ்பிட்ஸ. 1893இல் திறக்கப்பட்ட மார்கெரீட்டா குடில் இருப்பது 4,554 மீட்டர் நிஃபெட்டி சிகரத்தில். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் 60 விழுக்காடுகூட இல்லை. இயற்பியல் ஆசிரியையாக இருந்த எனக்கு இந்தக் கணக்கு மனப்பாடம். ஆனாலும் முதல் முறை ஏமாந்தேன். பயண ஏற்பாட்டாளர் சொன்னபடி, பள்ளத்தாக்கிலிருந்து ரோப் காரில் 3,275 மீட்டர் புன்ட்டா இந்திரெனுக்கு ஏறி, அன்று மாலையே வழியில் 3,647 மீட்டரிலுள்ள, சிகரத்தின் பெயரையே கொண்ட நிஃபெட்டி குடிலை அடைந்தோம். இரவெல்லாம் மண்டை பிளக்கும் வலி, வாந்தி. காலையில் காலணிக் கயிற்றை முடிச்சுப் போட விரல்களுக்குத் தெரியவில்லை. அப்படியே இறங்கிவிட்டேன். மறு ஆண்டு கீழே இரண்டு இரவு தங்கி உடலைப் பழக்கிக்கொண்டு போனபோது மார்கெரீட்டா குடில் வரை போக முடிந்தது.

பாறை ஏறத் தெரிய வேண்டியதில்லை, அது சரி. ஆனால் நிஃபெட்டி குடிலைத் தாண்டினால் நடப்பது முழுக்கப் பனியாற்றின் மேல், அதாவது மெல்ல நகரும் பனிக்கட்டிப் பரப்பின் மேல். முன்னே போனவர்களின் தடம் வாய்க்கால் போல ஆழமாகப் பதிந்திருக்கும். பார்த்தால் நம் தெரு மாதிரி பத்திரமாகத் தோன்றும். விடியும் முன் போனபோது ஓரிடத்தில் வழிகாட்டி நின்று பனிக்கோடாலியின் காம்பைத் தடத்திலேயே குத்தினார். தடையே இல்லாமல் பிடிவரை உள்ளே போனது, மேலே மெல்லிய பனி மூடிய பிளவு அது. ஒன்றும் சொல்லாமல் எங்களை இடப்பக்கமாகச் சுற்றிக் கூட்டிப் போனார். திரும்பும்போது பதினொரு மணி, வெயிலில் பனி இளகிவிட்டது. என் வலது கால் தொடைவரை இறங்கியது. பாதம் எதையும் தொடவில்லை, வெறும் குளிர்காற்று. இடுப்புக் கயிறு விறைத்து என்னைப் பிடித்துக்கொண்டது. கயிறு இல்லாமல் இரண்டு பேர் எங்களைக் கடந்து போயிருந்தார்கள், அவர்களை நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதறுகிறது.

உங்கள் கட்டுரையை நம்பி யாராவது வெறும் காலணியோடு கிளம்பிவிடக் கூடாது. கயிறு, காலணியில் மாட்டும் இரும்பு முட்கள், பனியாறு தெரிந்த வழிகாட்டி, கீழே இரண்டு இரவு, விடியும் முன் புறப்பாடு: இவற்றை அடுத்த மலரில் ஒரு பெட்டிச் செய்தியாகவாவது வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை, உங்கள் நெடுநாள் வாசகி