மாப்ள, அப்பாவோட ரிப்போர்ட்ட படிச்சேன்

மாப்ள,

அப்பாவுக்கு கணையத்துல புத்துநோய்னு நீ அனுப்புன ரிப்போர்ட்ட நேத்து ராத்திரியே படிச்சிட்டேன்டா, பதில் போடத்தான் கை வரல. காலேஜ் நாள்ல ஞாயித்துக்கெழம ஆச்சுன்னா எனக்காகவே மீன் வாங்கிட்டு வருவாரே, அதுவே கண்ணுக்குள்ள நிக்குது.

உங்க லேப்ல பண்ற கார்-டி, அதான் ஒடம்போட எதிர்ப்பு செல்ல மாத்தி கேன்சர அழிக்க விடுற சிகிச்சை, அத அப்பாவுக்கு குடுக்க முடியாதாடான்னு கேட்ட. நேராவே சொல்லிடுறேன், கணையத்துக்கு அது இன்னும் மருந்தா வரல. ரத்தப் புத்துநோய்ல பி செல்லுங்குற ஒரு வகை வெள்ளணு மேல சிடி19னு ஒரு அடையாளம் இருக்கும், நோயாளியோட டி செல்லயே, அதாவது நோய எதிர்த்து சண்ட போடுற வெள்ளணுவயே எடுத்து புது ஜீன் ஏத்தி பெருக்கி திரும்ப விட்டா அத தேடிப்போய் அழிச்சிடும், நல்ல பி செல்லும் சேர்ந்து போகும், ஆனா ஆள் சமாளிச்சுக்கலாம். இதே பிலடெல்பியால 2012ல எமிலி வொயிட்ஹெட்னு ரத்தப் புத்துநோய் வந்த 6 வயசுப் பொண்ணு, இந்த கார்-டி குடுத்ததும் காய்ச்சல் எகிறி வென்டிலேட்டர் வரைக்கும் போயிட்டா, ஒடம்புல அழற்சிய தூண்டுற ஐஎல்-6ங்குற புரதம் ஏறிக் கெடக்குன்னு பாத்து, அத தடுக்குற, மூட்டுவாதத்துக்கு குடுக்குற டோசிலிசுமாப்ங்குற மருந்த போட்டாங்க, பொழைச்சுக்கிட்டா, பத்து வருஷம் தாண்டியும் கேன்சர் திரும்பல.

கணையத்துல கட்டியச் சுத்தி நாரா இறுகிக் கெடக்கும், டி செல் உள்ள போறதே பெரும்பாடு, போனாலும் களைச்சிடும். அந்தக் களைப்பப் பத்திதான் 3 வருஷமா பாத்துட்டிருக்கேன். போன வாரம் கூட ஒரே டி செல்லுக்கு நாலு தடவ புதுசா கேன்சர் செல் போட்டேன். மொத ரெண்டு தடவ கொத்து கொத்தா திரண்டு மொய்ச்சுது, மறுநாள் கேன்சர் செல்லெல்லாம் செத்து தட்டோட அடி காலியாயிடுச்சு. நாலாவது தடவ டி செல்லெல்லாம் தனித்தனியா செதறிக் கெடக்கு, கேன்சர் செல் அடில நல்லா ஒட்டிக்கிட்டு வளருது. மைக்ராஸ்கோப்ப விட்டு எழுந்திரிக்கவே மனசு வரலடா.

ஐஐடி பாம்பேயும் டாடா மெமோரியலும் சேர்ந்து கொண்டுவந்த நெக்ஸ்கார்19ங்குற நம்ம ஊரு கார்-டிக்கு 2023ல அனுமதி கெடச்சுது, ஆனா அதுவும் ரத்தப் புத்துநோய்க்குத்தான். கணையத்துக்கு செல் தெரபின்னு யாராவது பணம் கேட்டா ஒரு ரூபா குடுத்துடாத, மொதல்ல எனக்கு போன் பண்ணு.

வியாழக்கெழம டாக்டர்கிட்ட ரெண்டு விஷயம் கேளு, ஆபரேஷன் பண்ற நெலமைல இருக்கா, பிஆர்சிஏங்குற ஜீனுக்கு டெஸ்ட் எடுத்தாச்சா. அந்த ஜீன்ல மாற்றம் இருந்தா குடுக்குற மருந்தே மாறும். உள்ள போறப்ப என்னையும் லைன்ல போடு, அங்க காலைல பத்தரைன்னா இங்க ராத்திரி ஒரு மணி, முழிச்சிருப்பேன். அப்பாகிட்ட நான் பேசணும்னு சொல்லு.