கரடி விஷயமாக

குரோம்பேட்டை
16.11.2025, ஞாயிறு

அன்புள்ள யாழினிக்கு,

அப்பா எழுதுவது. அம்மா, தம்பி, நான் எல்லோரும் நலம். மழை விட்டு விட்டுப் பெய்கிறது. பின்பக்கச் சுவர் வழக்கம்போல ஊறிவிட்டது. வாட்ஸ்அப்பிலேயே கேட்டிருக்கலாமே என்று நினைப்பாய். அதில் நான் என்ன கேட்டாலும் நீ ஒரு கட்டை விரலை அனுப்பிவிடுகிறாய். கடிதத்துக்குக் கட்டை விரல் அனுப்ப முடியாதல்லவா, அதனால்தான்.

கரடி விஷயமாகத்தான் எழுதுகிறேன். வேறொன்றும் இல்லை.

நீ படிக்கிற ஜப்பான் அகிதாவில் கரடிக்காக ராணுவமே வந்திருக்கிறது என்று இந்த மாத ஆரம்பத்தில் பேப்பரில் பார்த்தேன். சுடுவதற்கு இல்லையாம், கூண்டு தூக்கி வைக்கவும் ஆள் அம்புக்கும்தானாம். இந்த ஒரு வருடத்தில் மட்டும் ஜப்பான் முழுக்கக் கரடி தாக்கிப் பத்துப் பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள். போன வருடம் அகிதா நகரத்தில் ஒன்று சூப்பர் மார்க்கெட்டுக்குள் புகுந்து இரண்டு நாள் வெளியே வராமல் இருந்ததே, அதை நீதான் போனில் சிரிக்கச் சிரிக்கச் சொன்னாய். அப்போது உனக்கு இப்படிச் சொல்வதற்கெல்லாம் நேரம் இருந்தது.

அங்கே நாலரைக்கே இருட்டிவிடுகிறதாமே. நூலகம் எவ்வளவு நேரம் திறந்திருந்தால் என்ன, இருட்டுவதற்கு முன் அறைக்கு வந்துவிடு. படிப்பதை அறையில் உட்கார்ந்து படி. தனியாக நடக்காதே.

நீ கோடையில் போய் வந்த அந்த மலைக் கிராமத்தை நினைத்துக்கொண்டேன். ஆய்வுக்காகப் போனாயே, அந்தப் பாட்டி வீட்டு வாசலில் காக்கி என்கிற பழ மரம் நின்றது என்று படம் அனுப்பினாயே, அது. ஏறிப் பறிக்க ஆள் இல்லாமல் பழம் மரத்திலேயே கனிந்து தொங்கும், அதைத் தின்னத்தான் கரடி இறங்கி வருகிறது, மலையில் பீச் (beech) கொட்டை மரம் காய்க்காத வருடம் இன்னும் அதிகம் வரும் என்று சொன்னாய். 'மதகி' என்கிற அந்த மலை வேட்டைக்காரர்களும் கிழவர்களாகிவிட்டார்கள், அகிதாவில் பத்துப் பேரில் கிட்டத்தட்ட நாலு பேர் 65 தாண்டியவர்கள், 2017-இல் 10 லட்சத்துக்குக் கீழே இறங்கிய ஜனத்தொகை இப்போது 9 லட்சம்கூட இல்லை. இதெல்லாம் உன் வாயால் கேட்டதுதான். நான் மறக்கவில்லை. பாதிப் பேருக்கு மேல் 65 தாண்டிய ஊருக்கு 'கென்காய் ஷூராகு' என்று பெயர் வைத்த பேராசிரியர் ஓனோ என்று சொன்னதும் எனக்கு ஒரே சந்தோஷம். நம் ஓனோவோ என்று கேட்டேன். இவர் அகிரா ஓனோ, அவர் சுசுமு ஓனோ, வேறு வேறு ஆள் என்று சொல்லிவிட்டாய்.

சுசுமு ஓனோ விஷயத்திலும் என்னை நீ காப்பாற்றவில்லை. தமிழும் ஜப்பானியமும் ஒட்டு உறவு என்று ஜப்பான்காரரே எழுதியிருக்கிறார் என்று நான் லாரி ஆபீஸ் முழுக்கச் சொல்லிவைத்திருந்தேன். முதல் வருடம் முடித்து நீ வந்தபோது, மொழி ஆராய்ச்சி செய்கிறவர்கள் பெரும்பாலும் அதை ஏற்கவில்லை அப்பா என்று சித்தப்பா முன்னாலேயே போட்டு உடைத்தாய். இருக்கட்டும். எனக்கு இன்னமும் சந்தேகம்தான். இப்போது உன் பழைய பாடப்புத்தகத்தை எடுத்து வைத்துத் தினமும் காலையில் அரை மணி நேரம் பார்க்கிறேன். அ இ உ எ ஒ, அப்புறம் க கி கு கெ கொ. நம் வரிசை மாதிரியேதானே போகிறது? அது சமஸ்கிருத வரிசையிலிருந்து போனது என்று சொல்லப் போகிறாய், தெரியும். வாக்கியம்கூட 'நான் கடையில் அரிசி வாங்கினேன்' என்று அப்படியே சொல்லுக்குச் சொல் வருகிறதே, அதற்கு என்ன சொல்வாய்? ஆனால் உன் பெயரை எழுதப் பார்த்தேன். 'ழ' அவர்களிடம் இல்லை, 'ல'வும் இல்லை. கடைசியில் 'யாரினி' என்று வந்தது. யார் இனி. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

அங்கே பேர் பின்னால் 'சான்' போட்டுக் கூப்பிடுவார்கள் இல்லையா, அது நன்றாக இருக்கிறது.

உனக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மார்ச்சிலோ ஏப்ரலிலோ போனில் பேசும்போது, "அப்பா, இன்னைக்கு மூணு கம்பெனி எனக்காக வேண்டிக்கிட்டாங்க" என்றாய். அம்மா பக்கத்தில்தான் இருந்தாள். நல்ல மனுஷங்க, யாரு பெத்த பிள்ளைக்கோ வேண்டிக்கிறாங்களே என்று மனம் நெகிழ்ந்து, வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது அந்தக் கம்பெனிகளுக்கும் சேர்த்துக் கும்பிட்டாள். போன வாரம் மாடி வீட்டு தினேஷிடம் (ஒரகடத்தில் ஜப்பானியக் கார் கம்பெனிக்கு மொழிபெயர்ப்பாளராக இருக்கிறானே) பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம்தான் சொன்னான். வேலை இல்லை என்று எழுதுகிற கடிதத்தின் கடைசி வரியில், மேலும் சிறக்க வேண்டிக்கொள்கிறோம் என்று போடுவார்களாம். அதனால் பிள்ளைகள் அதற்கு 'வேண்டுதல் மெயில்' என்று பேர் வைத்திருக்கிறார்களாம்.

அம்மாவிடம் சொல்லவில்லை. அவள் இன்னும் கும்பிட்டுக்கொண்டிருக்கிறாள்.

நான் எதையும் கேட்கவில்லை, யாழினி. அக்டோபர் முதல் தேதியில் அங்கே கம்பெனிகள் ஏப்ரலில் சேரப் போகும் பிள்ளைகளை வரவழைத்து விழா வைப்பார்கள் என்று மூன்றாம் வருடத்தில் நீதான் சொன்னாய். இந்த வருடம் அன்றைக்கு இங்கே ஆயுத பூசை. தம்பியின் கால்குலேட்டரோடு உன் பாடப்புத்தகத்துக்கும் பொட்டு வைத்தோம். கேசரிக்கு அம்மா ரவையை வறுத்து வைத்துக்கொண்டு போனைப் பார்த்தபடியே இருந்தாள். இதை உன்னிடம் சொல்லக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள். வறுத்த ரவை கெடாது, டப்பாவில் அப்படியே இருக்கிறது. தீபாவளிக்கு இரண்டு நிமிடம் பேசினாய். குரல் சளி பிடித்த மாதிரி இருந்தது. வெந்நீர் குடி.

வளையல் விஷயம் முடிந்துவிட்டது, மீட்டாயிற்று. அதைப் பற்றி நீ யோசிக்கவே வேண்டாம். பணம் பற்றி எதையும் யோசிக்க வேண்டாம். ஆனால் நாலு வருடம் அவ்வளவு தூரத்தில் கஷ்டப்பட்டுப் படித்தவள் பெற்றவர்களிடம் நாலு வார்த்தை பேசலாம் அல்லவா? நேர்முகத்துக்குப் போனால் கதவை மூன்று தடவை தட்ட வேண்டும், உங்கள் கம்பெனி என்பதைப் பேசும்போது ஒரு சொல்லாலும் எழுதும்போது வேறு சொல்லாலும் சொல்ல வேண்டும் என்று அத்தனை மரியாதை கற்றுக்கொண்டிருக்கிறாய். நான் குறை சொல்லவில்லை. 2,136 ஜப்பானிய எழுத்து அவளுக்கு அத்துபடி, இங்கே 247-க்கே நாக்குத் தள்ளுகிறது என்று நேற்றுகூட பால் பூத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன். டிசம்பர் 7-ஆம் தேதி ஜப்பானிய மொழித் தேர்வுக்கு நன்றாகப் படி. அதற்காக இருட்டிய பிறகு நூலகத்தில் இருக்காதே.

நீ இந்தப் படிப்பில் சேருகிறேன் என்று சொன்ன அன்று நான் சொன்னது உனக்கு மறந்திருக்காது. மொழி படித்து என்ன கிழிக்கப் போகிறாய், மொழி சோறு போடாது என்றேன். சித்தப்பா, அத்தை எல்லோரும் கூடத்தில் இருந்தார்கள். இது மொழி மட்டும் இல்லை, அரசியல், பொருளாதாரம், சமூகம் எல்லாம் சேர்ந்த சர்வதேசப் படிப்பு என்று நீ அழுதுகொண்டே விளக்கினாய். நான் கேட்கவில்லை.

அது உனக்குச் சொன்னது இல்லை.

1988-இலிருந்து மூன்று வருடம் நான் ரஷ்ய மொழி படித்தேன். உன் அம்மாவுக்கும் தெரியாது. திருவல்லிக்கேணி மேன்ஷனில் அறை, பகலில் ஒரு கடையில் கணக்கு எழுதுவேன், சாயங்காலம் கஸ்தூரி ரங்கா சாலையில் சோவியத் கலாச்சார இல்லத்தில் வகுப்பு. அங்கே ஆறு வேற்றுமை. நமக்கு எட்டு இருக்கும்போது ஆறு என்ன பெரிய விஷயம் என்று மார்தட்டிக்கொண்டு போனேன், அது என்னை உருட்டி எடுத்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. மாஸ்கோவில் தமிழ்ப் புத்தகம் போடுவதற்கென்றே மொழிபெயர்ப்பாளர்களை வைத்திருந்த காலம் அது. நானும் போய்விடுவேன் என்று ஊருக்கு எழுதினேன். தாத்தா அதை டீக்கடை வரைக்கும் கொண்டுபோய்விட்டார். 1991 டிசம்பரில் சோவியத் யூனியனே இல்லை என்று ஆகிவிட்டது. அதற்கப்புறமும் எட்டு மாதம், ஆர்டர் வந்துவிடும், கொஞ்சம் தாமதம் என்று நான் எழுதிக்கொண்டிருந்தேன். தினமும் ரேடியோவில் செய்தி கேட்கிற மனுஷருக்கு! நாடு போனது அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 15 காசு கார்டில் ஒரே வரி எழுதினார். "அறுப்புக்கு ஆள் இல்லை. வா." நான் போகவில்லை. அந்தப் பொங்கலுக்கும் போகவில்லை, அதற்கடுத்த பொங்கலுக்கும் போகவில்லை. புத்தகங்களை எடைக்குப் போட்டேன், லாரி ஆபீசில் சேர்ந்தேன். சான்றிதழ் மட்டும் பச்சைப் பெட்டியில் வீட்டுப் பத்திரத்துக்கு அடியில் இருக்கிறது. முப்பது வருடத்துக்கு மேல் அந்த மொழியில் ஒரு வார்த்தை நான் பேசியதில்லை. நீ ஜப்பானிய ஹிரகானா எழுத்து எழுதிப் பழகிய நோட்டை முதன்முதலில் பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. ஏன் என்று அப்போது எனக்கே தெரியவில்லை. தெரிந்தும் உன்னிடம் சொல்லவில்லை என்று வைத்துக்கொள், அதுதான் சரி.

தாத்தா மாதிரி ஒரு வரியில் எழுதத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை. பார், நாலு தாள் ஆகிவிட்டது.

ஊர் வீட்டுப் புளி இந்த வருடம் நன்றாகப் பிடித்திருக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். போன மாசியில் உலுக்க ஆள் கிடைக்காமல் பாதி மரத்திலேயே நின்றுவிட்டது. உனக்குப் பிப்ரவரியில் விடுமுறை வருமே. டிக்கெட் போடுவதானால் தம்பியிடம் சொல்லு, அவன் பார்த்துக்கொள்வான். புளி உலுக்க ஆள் இல்லை.

இதோடு ஒரு பெட்டி வருகிறது. முறுக்கு, பருப்புப்பொடி, அம்மா பின்னிய குல்லா. கரடிக்காக அங்கே பையில் மணி கட்டிக்கொண்டு நடப்பார்கள் என்று நீ சொன்னாயே, கடையில் வாங்க வேண்டாம், நம் லட்சுமியின் கழுத்து மணியை வைத்திருக்கிறேன். வழியில் சத்தம் போட்டுக்கொண்டே போகக் கூடாது என்று நாக்கை நூலால் கட்டியிருக்கிறேன். அவிழ்த்துவிட்டு மாட்டிக்கொள்.

இப்படிக்கு,
அப்பா